ஆணுறை ஏன் கிழிந்தது, டெஸ்ட்டுக்கு எங்கே போவது?

கேள்வி: எனக்கு 26 வயது, மார்த்தாண்டம் பக்கம். ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. இரண்டு மாதம் முன்பு நண்பருடன் இருந்தபோது ஆணுறை கிழிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியிருந்தோம். எச்.ஐ.வி. பயத்தில் தூக்கமே இல்லை. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் எங்கள் சொந்தக்காரர் வேலை பார்க்கிறார். வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தம்பி, கிழிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த எண்ணெய்தான். குமரியில் எந்த வீட்டிலும் முதலில் கைக்குக் கிடைப்பது அதுதான். ஆனால் ஆணுறை லேடெக்ஸ் ரப்பர். எண்ணெய், வாசலின், லோஷன் எது பட்டாலும் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. எச்சிலும் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆசனவாயின் உட்தோல் மெல்லியது, தானாக ஈரம் சுரக்காது. அதனால் தண்ணீர் அல்லது சிலிக்கான் கலந்த லூப்ரிகன்ட் அவசியம். மெடிக்கல் கடையில் 'ஜெல்' என்று கேட்டாலே தருவார்கள்.

இப்போதே டெஸ்ட் எடுங்கள். நெகட்டிவ் என்று வந்தால், மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை எடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, டெஸ்ட் மையம்) இலவசம். ஆசாரிப்பள்ளம்தான் போகவேண்டும் என்றில்லை. தக்கலை போகலாம், திருவனந்தபுரமும் போகலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, முடிவை அடுத்தவரிடம் சொல்லவோ கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. சொந்தக்காரருக்கும் அதுதான். ஆலோசகரிடம் ஆணுடன் உறவு என்பதை மறைக்காதீர்கள். அது குற்றமில்லை என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால்தான் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான டெஸ்ட், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி பற்றியும் பேச முடியும். யாரையும் நேரில் பார்க்கத் தயக்கமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

இனி எப்போதாவது கிழிந்தால் இப்படி மாதக்கணக்கில் தவிக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் 'பெப்' மாத்திரை தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது இன்னும் நல்லது. ராத்திரி என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். அடிக்கடி உறவு உண்டு என்றால், தொற்றாமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் 'பிரெப்' மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்து, சிறுநீரகத்தையும் பார்த்த பிறகுதான் தொடங்குவார்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட்.

பாசிட்டிவ் என்று வந்தாலும் கலங்க வேண்டாம். எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை அரசிடம் இலவசம். தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. உங்கள் நண்பரையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போங்கள்.