ஜனவரியா, மே மாதமா, ஜூனா: மதுரையிலிருந்து சென்னைக்கு எப்போது வீடு மாறுவது?

கேள்வி: என் கணவருக்கு வரும் ஜனவரி முதல் சென்னை கிண்டி அலுவலகத்துக்கு மாற்றல். கைக்கு வரும் சம்பளம் ரூ.52,000-லிருந்து ரூ.58,000 ஆகும். நான் மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி மென்பொருளில் கணக்கு பார்க்கிறேன், மாதம் ரூ.16,000, இ.எஸ்.ஐ. உண்டு. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள், ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மதுரை வாடகை ரூ.9,000, அட்வான்ஸ் ரூ.50,000 கொடுத்திருக்கிறோம். சென்னையில் வாடகை ரூ.18,000, பராமரிப்பு ரூ.1,500, அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்கிறார்கள். பார்த்து வைத்திருக்கும் மெட்ரிக் பள்ளியில் ஆண்டுக்கு ரூ.72,000, சேரும்போதே ரூ.30,000 கட்ட வேண்டும். சாமான் ஏற்றிப் போக ரூ.24,000 கேட்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் ரூ.65,000, ஜூலையில் முதிரும் எஃப்.டி. ரூ.1,80,000, மாதம் ரூ.4,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு (25 மாதம், 12 கட்டியாயிற்று) இருக்கிறது. மூவரும் ஜனவரியிலேயே போய்விடலாமா, பள்ளி திறக்கும்போது போனால் போதுமா? பணத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: கணவர் மட்டும் ஜனவரியில் போகட்டும். நீங்களும் மகளும் மே 15-ஐ ஒட்டிப் போங்கள். சீட்டைத் தொட வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். தொகை கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூவரும் ஜனவரியிலேயே போனால் சென்னை வாடகையும் பராமரிப்பும் ரூ.97,500. உங்கள் சம்பளம் நின்றுவிடும். மூன்று மாத யு.கே.ஜி.க்காக இன்னொரு பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் வேறு.

மே 15-ல் மாறினால் கணவருக்குச் சாப்பாட்டோடு தங்குமிடம் மாதம் ரூ.9,000 என்று நாலரை மாதத்துக்கு ரூ.40,500. மதுரை வாடகை ஐந்து மாதத்துக்கு ரூ.45,000. மாதம் இருமுறை ஊருக்கு வந்துபோக ரூ.2,000 வீதம் ரூ.9,000. மே மாதத்தில் சென்னை வீட்டுக்குப் பாதி மாத வாடகை ரூ.9,750. மொத்தம் ரூ.1,04,250. பார்த்தால் இதுதான் அதிகம். ஆனால் உங்கள் நாலரை மாதச் சம்பளம் ரூ.72,000 வந்திருக்கும். கழித்தால் நிகரச் செலவு ரூ.32,250. ஜனவரியில் போவதைவிட ரூ.65,250 மிச்சம்.

ஜனவரிக்கு எதிராக இன்னொன்றும் உண்டு. வாடகை ஒப்பந்தம் வழக்கம்போல் 11 மாதத்துக்குப் போட்டால் நவம்பர் கடைசியில் முடியும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் உங்களால் "சரி, காலி செய்கிறோம்" என்று சொல்ல முடியாது. மே 15-ல் தொடங்கும் ஒப்பந்தம் ஏப்ரல் நடுவில் முடியும். பேரம் படியாவிட்டால் கோடை விடுமுறையில் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழு மேயும் மதுரையிலேயே இருந்தால் நிகரச் செலவு ரூ.20,000-தான், மே 15-ஐவிட ரூ.12,250 குறைவு. இருந்தும் நான் அதைச் சொல்லமாட்டேன். மே கடைசி வாரத்தில் லாரி வாடகையும் தரகர்களின் மிடுக்கும் ஒன்றாக ஏறும். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல வீடுகள் அதற்குள் போயிருக்கும். பள்ளி வேனில் இடமும் நிரம்பியிருக்கும். தூரத்தில் வீடு பிடித்து, தினமும் ஆட்டோவில் பிள்ளையைக் கொண்டுவிடும் நிலை வந்தால் அந்த 12,000 இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும். புது ஊர், புதுப் பள்ளி, பிரிக்காத அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதற்கு விலை போட எனக்குத் தெரியாது.

இனி வரிசை. பலர் வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுகிறார்கள். பள்ளி முதலில், வீடு பிறகு. பெரும்பாலான தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும், ஒன்றாம் வகுப்பில் யாராவது டி.சி. வாங்கிப் போனால் காலியாகும் சில இடங்கள்தான் உங்களுக்கு. ஆகவே இந்த மாதமே விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு பள்ளியில் விண்ணப்பிக்கலாம், பணம் ஒன்றில்தான் கட்ட வேண்டும். சேர்க்கைக் கட்டணம் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளியின் பெயர் போட்ட ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத "நன்கொடை" கேட்டால் அது 2009 கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்த வசூல். மனம் மாறி சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்ப்பதானால் வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் ஏப்ரலிலேயே தொடங்கி மே விடுமுறை விடுகிறார்கள். அப்படியானால் என் மே 15 கணக்கு ஒரு மாதம் முன்னால் நகரும்.

வீடு தேடும் வேலையைக் கணவரிடம் விடுங்கள். ஜனவரியிலிருந்து அங்கேயே இருக்கப்போவது அவருக்குப் பெரிய வசதி. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் ஒரு முகம், கோடையில் ஒரு முகம். பொங்கல் சமயத்தில் வீட்டைப் பார்க்கப் போகிறவர் சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம், "டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் தரகர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். ஏப்ரலில் அதே வீட்டுக்குப் போய் போர் தண்ணீர் வருகிறதா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தச் செலவு ரூ.1,500 பராமரிப்புக்குள் அடக்கமா என்று கேட்கட்டும். அடக்கமில்லை என்றால் கோடையில் மாதம் சில நூறு கூடும். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்பதும் அப்படியே.

பேரத்துக்கு நல்ல மாதம் பங்குனி. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பலர் புது வீடு புகமாட்டார்கள். காலியான வீடு சும்மா கிடக்கும், வீட்டுக்காரருக்கும் பொறுமை குறையும். அப்போது பேசி முடித்து, சிறு தொகை டோக்கனாகக் கொடுத்து ரசீது வாங்கி, வாடகையை மே 15-லிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். மே 15 ஏறக்குறைய வைகாசிப் பிறப்பு. அவருக்கும் மறுப்பு இருக்காது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. உங்களுக்கு அது ரூ.54,000. ஒரு லட்சம் கேட்கிறவரிடம் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது, ஆனால் பேச்சைத் தொடங்க நல்ல இடம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

பணம் எப்போது எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பிப்ரவரிவாக்கில் பள்ளிக்கு ரூ.30,000. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் 10-க்குள் அட்வான்ஸ் ரூ.1,00,000, தரகருக்கு ஒரு மாத வாடகை ரூ.18,000, பாதி மாத வாடகை ரூ.9,750, லாரி ரூ.24,000, ஃபேன், விளக்கு, தண்ணீர் வடிகட்டி மாட்டுவது போன்ற சில்லறைக்கு ரூ.10,000, பள்ளியின் முதல் தவணை ரூ.14,000 (மீதி ரூ.42,000-ஐ மூன்று தவணையாக வைத்தால்), சீருடை, புத்தகம், வேன் என்று ரூ.12,000. இந்த ஆறு வாரத்தில் மட்டும் ரூ.1,87,750. அட்வான்ஸை ரூ.54,000-க்கு இறக்கினால் ரூ.1,41,750.

இதில் எவ்வளவு கையில் இருக்கும்? பள்ளிக்குக் கட்டியது போக சேமிப்பில் ரூ.35,000. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருவர் சம்பளத்தில் தங்குமிடம், மதுரை வாடகை, பயணம், சீட்டு போக மாதம் ரூ.50,000 மிஞ்சும், அதில் ரூ.15,000-ஐ முதல் தேதியே எடுத்துவைத்தால் ரூ.60,000. ஆக ரூ.95,000. அட்வான்ஸ் ஒரு லட்சமாகவே நின்றால் துண்டு விழுவது ரூ.92,750. பழைய அட்வான்ஸ் வந்தால் பாதியளவு அடையும், ஆனால் அது எப்போது வரும் என்பது வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

இந்தத் துண்டுக்கு எஃப்.டி.யை உடைக்க வேண்டாம், அதன் மேல் கடன் வாங்குங்கள். எஃப்.டி. ஓராண்டுக்கு 7% என்று வைத்தால், பத்தாவது மாதத்தில் உடைக்கும்போது வங்கி குறைந்த காலத்துக்கான வட்டியைக் கொடுத்து அதிலும் அபராதம் பிடிக்கும். 5.5% கிடைத்தால் ரூ.10,500-க்குப் பதில் ரூ.8,250, இழப்பு ரூ.2,250. அதே எஃப்.டி.யை வைத்து ஒரு லட்சம், எஃப்.டி. வட்டியைவிட 2% கூடுதலாக 9%-க்கு வாங்கினால் இரண்டு மாத வட்டி ரூ.1,500; எஃப்.டி. தன் பாட்டுக்கு 7% ஈட்டிக்கொண்டிருக்கும். ஜூலையில் முதிர்ந்ததும் கடன் தானாக அடையும். உங்கள் வங்கியின் விகிதத்தைப் போட்டு இந்த இரண்டு வரியையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். சீட்டை ஏப்ரலில் எடுத்தால் இன்னும் எட்டு மாதம் பாக்கி. பள்ளி திறக்கும் காலத்தில் ஏலத்தில் போட்டி அதிகம். ஏலத் தள்ளுபடியில் ரூ.8,000 போனால்கூட எஃப்.டி. கடனைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் செலவு.

மதுரை வீட்டுக்காரரிடம் மார்ச் 15-க்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஏப்ரல், மே வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தாலும் அவரிடம் மிஞ்சுவது ரூ.23,000-தான். நிலுவை சிறிதாக இருந்தால் சாவி கொடுக்கும் அன்றே கைக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

கணவர் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று. மாற்றலுக்கான சாமான் செலவை நிறுவனம் கொடுக்குமா என்று மனிதவளப் பிரிவில் கேட்கட்டும். பல நிறுவனங்களில் சேர்ந்த நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பில் கொடுக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்து மே மாத லாரி பில்லை நீட்டினால் கெடு முடிந்தது என்பார்கள். "குடும்பம் மே மாதம் வரும், ஜூன் வரை அனுமதி வேண்டும்" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கட்டும். லாரிக்காரரிடம் ஜி.எஸ்.டி. பில் உண்டா என்று விலை பேசும்போதே கேட்க வேண்டும். சாமானை இறக்கிய பிறகு கேட்டால் தொகை மாறும். போனில் குறைந்த விலை சொல்லிவிட்டு, சென்னையில் இறக்கும்போது "மாடிக்குத் தனி" என்பது பழைய தந்திரம். எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, தெருவில் வண்டி நுழையுமா என்பதை எழுதிக் கொடுத்து, முழுத்தொகையில் ஒரு பகுதியை இறக்கி முடிக்கும்வரை கையில் வைத்திருங்கள்.

வாடகை ரசீது, பள்ளிக் கட்டணத்துக்கு வரிச் சலுகை என்று யாராவது சொன்னால் அதற்காகத் தேதியை மாற்றாதீர்கள். 2025-26 புதிய வரிமுறையில் ரூ.12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரியே இல்லை. உங்கள் கணவர் அதற்கு வெகு கீழே இருக்கிறார்.

மகளின் டி.சி.யை ஏப்ரலில் ஆண்டு முடிந்ததும் வாங்கிவிடுங்கள். காகிதம் கையில் வந்தால் மட்டும் போதாது. எமிஸ் என்னும் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் பழைய பள்ளி அவளைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். மே மாதம் அலுவலகத்தில் ஆள் இருக்காது. ஐந்து வயது கடந்த பிள்ளைகளுக்கு ஆதாரில் கைரேகை, கண் பதிவு புதுப்பிக்க வேண்டும், ஏழு வயதுக்குள் இலவசம். அதையும் மதுரையிலேயே முடித்துவிடுங்கள்.

சென்னையில் உங்களுக்கு வேலை கிடைக்கும்வரை மாத நிலவரம் இது: ரூ.58,000-ல் வீட்டுக்கு ரூ.19,500, பள்ளிக்கு ஒதுக்க ரூ.6,000, சீட்டு ரூ.4,000, வேன் ரூ.2,500. மிச்சம் ரூ.26,000-ல் சாப்பாடு, பால், பெட்ரோல், கரண்ட். இழுத்துப் பிடித்தால் ஓடும், சேமிப்பு இருக்காது. வருமானவரித் தாக்கல் காலத்தில் டேலி தெரிந்தவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகங்களில் கிராக்கி. மார்ச் கணக்கு முடித்த கையோடு உங்கள் ஆடிட்டரிடமே சென்னையில் தெரிந்தவர் உண்டா என்று கேளுங்கள். நீங்கள் வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் சில மாதத்தில் நின்றுவிடும். கணவரின் நிறுவனக் குழுக் காப்பீட்டில் உங்களையும் மகளையும் சேர்க்க ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்புத் தருவார்கள் என்றால், அது எந்த மாதம் என்பதை மாற்றல் கடிதம் வாங்கும்போதே அவர் கேட்டுவிடட்டும்.