இரவில் டைப் அடிப்பது யார், வக்கீல் சார்?

கேள்வி: கும்பகோணத்தில் 34 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். என்னிடமே ஜூனியராக இருந்த மகன் ஐ.பி.எஸ். தேர்வாகிவிட்டான். பயிற்சிக்கு ஹைதராபாத் போகிறானாம், பிற்காலத்தில் நாட்டுப் பாதுகாப்பில் பெரிய பொறுப்புக்கு வரவேண்டுமாம். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு அப்படிப் போய் உருப்பட்டவர் உண்டா? நான் வளர்த்த ஆபீஸ் என்னாவது? மனுக்களைக்கூட இப்போது இரவில் சின்ன மகள்தான் டைப் அடித்துத் தருகிறாள். அவளும் பி.எல். முடித்தவள்தான். வரன் பார்க்கிறோம்.

பதில்: உண்டு சார். அமெரிக்காவில் மைக்கேல் செர்டாஃப் என்று ஒருவர். 1986ல் நியூயார்க் மாஃபியா தலைவர்கள் மீதான வழக்கை நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்த அரசு வக்கீல். பிறகு ஃபெடரல் அப்பீல் கோர்ட் நீதிபதி. அங்கே அது ஆயுள் பதவி. அதையே ராஜினாமா செய்துவிட்டு 2005 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமைக்கு வந்தார், நம் கணக்கில் மந்திரி. ஆறே மாதத்தில் கத்ரீனா புயல், நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. உதவி போய்ச் சேரத் தாமதம் என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் 2009 வரை இருந்துவிட்டு, அப்புறம் வக்கீல் தொழிலுக்கே திரும்பினார். உங்கள் மகனும் பார் கவுன்சிலில் பதிவை நிறுத்திவைத்துவிட்டுத்தானே போவான்? சட்டம் படித்தவன் கையில் லாக்கப் சாவி இருப்பது நல்லது என்பது என் கட்சி.

சரி, அவன் கதை இருக்கட்டும். ஆபீஸ் என்னாவது என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதிலையும் அடுத்த வரியிலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் படவில்லையா? பி.எல். படித்த பெண் உங்கள் பிராதையும் எதிர்வாதத்தையும் அர்த்தம் புரியாமலா அடிக்கிறாள்? எத்தனை செக்‌ஷன் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தியிருப்பாள்? பார் கவுன்சிலில் அவள் பதிவு செய்தாளா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. மகன் போனால் ஆபீஸுக்கு வாரிசில்லை என்று அழுகிற மனிதர், பக்கத்து அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்திருக்கும் வக்கீலை டைப்பிஸ்டாக வைத்திருக்கிறீர்கள். சம்பளமும் இல்லாமல்!

வரன் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கல்யாணம் காலத்தில் நடக்கத்தான் வேண்டும். ஆனால் பெண் வக்கீல், கோர்ட்டுக்குப் போவாள் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

மகனையும் சும்மா விடாதீர்கள். பெற்றவர் தொழிலைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற பிள்ளையை எனக்குப் பிடிக்காது. ரயில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கேஸ் கட்டாகத் தங்கையோடு உட்கார்ந்து ஒப்படைக்கட்டும், கட்சிக்காரர்களுக்கும் அவளை அறிமுகம் செய்துவைக்கட்டும்.

அவள் பதிவு செய்திருந்தால் அடுத்த வாய்தாவுக்கு உங்களோடு வரட்டும். இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தையாவது நீங்கள் டைப் அடித்துக் கொடுங்கள்.