வேலையை இடையில் விட்ட ஒப்பந்தக்காரர்: இது எவ்வகை மீறல்?

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் உங்கள் வீட்டு வேலையை லிண்டல் மட்டத்தோடு (கதவு, யன்னல்களுக்கு மேலுள்ள வளை வரை) நிறுத்திய ஒப்பந்தக்காரர், "கூடுதல் பணம் தராவிட்டால் இனி வரமாட்டேன்" என்று வட்ஸ்அப்பில் எழுதியிருப்பதாகவும், அவர் கட்டிய சுவரில் வெடிப்பு உள்ளதாகவும் கூறியுள்ளீர்கள். இதை வெறும் தாமதமாகக் கருதி நீங்கள் காத்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. இலங்கையில் இத்தகைய ஒப்பந்தங்களை ஆளும் ரோமன் டச்சுச் சட்டத்தில் தாமதம், குறைபாடான நிறைவேற்றம், மறுதலிப்பு (ஒப்பந்தப்படி நடக்கமாட்டேன் என மறுத்தல்) என்பன வெவ்வேறு மீறல்கள். சுவர் வெடிப்பு இரண்டாவதைச் சேரும், அந்தச் செய்தியோ தெளிவான மறுதலிப்பு. அந்த மறுதலிப்பை ஏற்று ஒப்பந்தத்தை இரத்துச் செய்து நட்டஈடு கோருவதா, வேலையை முடிக்கும்படி வற்புறுத்துவதா என்ற தெரிவு உங்களுடையது. சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் உங்கள் தெரிவை அறிவித்த பின்னரே வேறு மேசனை இறக்குங்கள், இல்லையேல் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களே என்று அவர் வாதிட இடமுண்டு. அச்செய்தியையும் வெடிப்பின் படங்களையும் அழியாமல் வைத்திருங்கள். எழுத்து ஒப்பந்தமாயின் வழக்கிடும் காலவரை 6 ஆண்டுகள், வாய்மொழியாயின் 3.