இலவசச் சாப்பாடு போடும் இடத்தில் வசதியானவர்களும் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

உங்கள் ஊரில் ஒரு சிறிய அறக்கட்டளை தினமும் மதியச் சாப்பாடு போடுகிறது, மாதம் ஒருமுறை மளிகைப் பையும் கொடுக்கிறது. பைக்கில் வருகிறவர்கள், விரலில் மோதிரம் போட்டவர்கள்கூடப் பந்தியில் உட்காருகிறார்கள். டோக்கன் முறை கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாப்பாட்டுக்கு வேண்டாம். மளிகைக்குக் கட்டாயம் ஏதோ ஒரு முறை வேண்டும்.

நான் நெய்வேலிப் பக்கத்து ஆள் என்பதால், சோறு போடுவது என்றாலே எனக்கு வடலூர்தான் கணக்கு. பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த நிலத்தில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அணையா அடுப்பு என்றுதான் அதற்குப் பெயரே. மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. போய் உட்கார்ந்தால் பரிமாறுவார்கள், அவ்வளவுதான். எந்த ஊர், என்ன வேலை, எதற்கு வந்தாய் என்ற பேச்சே கிடையாது. லாரி ஓட்டிக்கொண்டு வந்தவரும், பிள்ளைகள் கைவிட்ட பெரியவரும், பூசத்துக்கு ஜோதி பார்க்கக் காரில் வந்த குடும்பமும் ஒரே வரிசையில் இருப்பார்கள். அறுவடை முடிந்ததும் மூட்டை நெல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற விவசாயியும் உண்டு. அவர் கொடுத்தவரா, வாங்கினவரா?

பசித்தவரின் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்காமல் சோறு போட வேண்டும் என்பது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற தன் நூலில் வள்ளலார் சொல்வது. முதல் மூன்றையும் இன்று யாரும் மேடையேறிச் சொல்லிவிடலாம். 'செய்கை' என்ற நான்காவதில்தான் நமக்குத் தொண்டை அடைக்கும். குடிக்கிறான், உழைக்க மாட்டேன் என்கிறான், போன வாரம் பொய் சொன்னான் என்று ஆரம்பித்துவிடுவோம். வள்ளலார் அதையும் கேட்காதே என்று அப்போதே சொல்லிவிட்டார்.

இதற்கு நேர் எதிரான முறையையும் இதே சென்னை மாகாணம் பார்த்திருக்கிறது. வள்ளலார் மறைந்தது 1874-ல். அதற்கு இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் வந்தது. உண்மையிலேயே பசிக்கிறதா, சும்மா வருகிறானா என்று கண்டுபிடிக்க வெள்ளைக்கார அரசு சோதனைகள் வைத்தது. நிவாரணம் வேண்டுமானால் வீட்டிலிருந்து தொலைவில் இருக்கும் முகாமுக்கு நடந்துபோய் மண் சுமக்க வேண்டும். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அந்த அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் 1877-ல் நிர்ணயித்த கூலி, நாள் முழுக்க உழைத்தவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. ஏமாற்றுகிறவனை வடிகட்டப் போட்ட சல்லடையில் நடக்கத் தெம்பில்லாதவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

உங்கள் டோக்கனும் சிறிய அளவில் அதைத்தான் செய்யும். மோதிரக்காரர் யாரையாவது பிடித்து டோக்கன் வாங்கிவிடுவார். வராமல் நின்றுபோவது யார் என்றால், போன மாதம் வேலை போய், இன்னும் இஸ்திரி போட்ட சட்டையோடு திரிகிறவர். 'ஏழை' என்று பெயர் பதிந்துகொள்ள அவருக்குக் கூச்சமாக இருக்கும். அப்புறம், அந்த மோதிரம் கவரிங்காக இருக்கலாம். பைக்குக்கு இரண்டு தவணை பாக்கி இருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

சமைத்த சோற்றில் ஒரு வசதி இருக்கிறது. எவ்வளவு பேராசைக்காரனாலும் ஒரு வயிற்றுக்கு மேல் சாப்பிட முடியாது. கொண்டுபோய் விற்கவும் முடியாது. வெயிலில் காத்திருந்து, தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் இருந்தாலும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதே போதுமான வடிகட்டி. 2013-ல் அம்மா உணவகம் வந்தபோதும் ஒரு ரூபாய் இட்லிக்கு யாரும் ரேஷன் கார்டு கேட்கவில்லை. நூறு பேருக்கு வடித்த சோற்றில் ஐந்து பேர் வசதியானவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து சாப்பாட்டை மிச்சம் பிடிக்க, வாசலில் ஒருவரை நோட்டோடு உட்கார வைக்கப் போகிறீர்கள். அவரைப் பரிமாற அனுப்புங்கள், பந்தி சீக்கிரம் முடியும்.

மளிகை அப்படியில்லை. பை கெடாது, கடையில் விற்கலாம், ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாக வந்து வாங்கலாம். பை எண்ணிக்கையும் கொஞ்சம்தான் இருக்கும். அதனால் பட்டியல் வேண்டும். அதற்காக வருமானச் சான்றிதழ் கேட்டு அலைய விடாதீர்கள். தெருவுக்கு ஒரு பெண்ணைப் பிடியுங்கள். பூக்காரம்மா, சத்துணவு சமைக்கிறவர், அங்கன்வாடி டீச்சர் யாராக இருந்தாலும் சரி. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தாலுகா ஆபீஸைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பையில் என்ன போடுகிறீர்கள் என்றும் பாருங்கள். நிறைய அமைப்புகள் பத்துக் கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அளவு போதாது, புளியும் மிளகாய்த்தூளும் சோப்பும் அந்த மலிவு விலைப் பட்டியலிலேயே இல்லை. அட்டை உள்ள வீட்டுக்கு அரிசியைக் குறைத்து எண்ணெய், பருப்பு, மசாலா, டீத்தூள், சோப்பு, நாப்கின் போடுங்கள். அட்டை இல்லாத வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு அரிசி வேண்டும், கோதுமை மாவு கிடைத்தால் இன்னும் நல்லது. தெருவில் படுப்பவருக்கு மளிகையால் பயனே இல்லை, அவருக்கு அடுப்பு ஏது? ராத்திரிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.

போட்டோ விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பையை நீட்டி, வாங்குகிறவர் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பச் சொல்வதை எனக்குத் தெரிந்த ஒரு குழு வழக்கமாகவே வைத்திருந்தது. அந்தத் தெருப் பெண்கள் பை வாங்க வருவதை நிறுத்தி, பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் மளிகைக்கடை பில்லையும் கட்டி வைத்த பைகளையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி வேண்டாம் என்று தானாக வந்து சொல்கிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.