பதில்: பாலக்காட்டுக்கு மாற்றலாகிறது, தமிழர்கள் எந்தப் பக்கம்?

ஐந்தாவது படிக்கும் மகளுக்குத் தமிழ் விட்டுப்போகுமோ என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம் சார்.

பாலக்காட்டில் தமிழர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. கல்பாத்தி அக்கிரகாரத்தில் தலைமுறைகளாக இருக்கும் ஐயர்கள்; வீட்டில் பேசுவது மலையாளம் கலந்த தமிழ். ராவுத்தர்கள் டவுனிலும் உண்டு, பக்கத்தில் புதுநகரம் என்ற ஊரிலும் நிறைய. அவர்கள் வீட்டு மொழியும் தமிழ்தான். கிழக்கே பொள்ளாச்சி ரோட்டில் கொழிஞ்சாம்பாறை போனால் தென்னந்தோப்பு, கொங்குத் தமிழ் பேசும் விவசாயிகள். டீக்கடையில் தினத்தந்தி கிடக்கும், பேச்சும் தமிழில்தான். 1956-க்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது, பக்கத்தில் உள்ள சித்தூர் 1949 வரை கொச்சி ராஜ்யத்தில்; அதற்கும் முந்தைய குடியேற்றங்கள் இவை.

உங்கள் மகளுக்கு என் யோசனை சித்தூர் பக்கம்தான். அங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி உண்டு, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. அப்புறம், மலையாளமும் கட்டாயம் கற்கட்டும்; தோழிகள் சீக்கிரம் கிடைப்பார்கள்.