மண்ணுக்குள் கிடந்த இரும்புச் சீவுளியைத் திருத்திப் பாவிக்கலாமா?

இடப்பெயர்வில் புதைத்துவிட்டுப் போன அப்பாவின் இரும்புச் சீவுளி, மாங்குளத்து வளவுக்குள்ளிருந்து கறளோடு கிடைத்ததாம், பாவிக்கலாமா என்று கேட்டிருந்தீங்கள். பெரும்பாலும் பாவிக்கலாம். முதலில் அலகு வெளியே வரும் வாய்ப்பக்கத்தைப் பாருங்கோ. அந்த இடத்தில் வார்ப்பிரும்பு வெடித்திருந்தால் மினக்கெட வேண்டாம்.

கழற்றி, மரப்பிடிகளை விலக்கி, இரும்புப் பாகங்களை வினாகிரியில் ஓர் இரவு ஊறவிடுங்கோ. கனநேரம் விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். பிறகு பிரஷால் தேய்த்து, அப்பச்சோடாத் தண்ணியில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கோ. சுணங்கினால் வன்னி வெக்கையிலும் திரும்பக் கறள் ஏறும்.

அடிப்பக்கத்தைத் தட்டையாக்க, தடித்த கண்ணாடியில் 80ஆம் இலக்க சான்ட் பேப்பரை ஒட்டித் தேயுங்கோ. அலகைப் பூட்டி, உள்ளே இழுத்து வைத்தபடிதான் தேய்க்கவேணும். பூட்டின இறுக்கத்தில் அடிப்பக்கம் இலேசாக வளையும்.

ஆனால் சீவுளியின் உயிர் அலகில்தான். அதன் தட்டைப் பக்கத்தை முனையோரம் முகம் தெரியுமளவுக்கு மினுக்கி, சரிவை 25 பாகையில் தீட்டுங்கோ. கிரைண்டரில் பிடித்தால் அடிக்கடி தண்ணியில் தோய்க்கவேணும். நுனி நீலமானால் பதம் போய்விட்டது, அந்தளவையும் தேய்த்தெடுக்கத்தான் வேணும். அலகின்மேல் பூட்டும் மேல்தகட்டை அலகு முனையிலிருந்து 1 மில்லிமீற்றருக்குள் வையுங்கோ. முதல் ஓட்டமே முதிரை மாதிரி வைரமான மரத்தில் வேண்டாம், மாம்பலகையில் பாருங்கோ.