சர்க்கரைப் புண் ஆறிய இடது காலோடு பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்க முடியுமா?

பெடல் ஸ்டீல் கிட்டார் உட்கார்ந்து வாசிக்கும் கருவி; காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகளும் அதன் தந்திகளின் சுருதியை மாற்றும். அதை வாசிக்கும், கேள்வி கேட்டவரின் தந்தைக்கு இடது முன்பாதத்தில் சர்க்கரைப் புண் வந்து, இப்போது ஆறியிருக்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் படவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். கருவியை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

விற்காதீர்கள். எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நிலைதான் வந்தது. பாளையங்கோட்டையில் எனக்கு லேத் பட்டறை இருக்கிறது. அவருடைய கருவியைக் கழற்றி மாற்றியமைத்தது நான்தான்.

பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய பொருளாக வாங்கி வந்த கருவி அது. பத்துத் தந்தி, மூன்று பெடல், நான்கு முழங்கால் நெம்புகள். ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனைகளுக்கு இருபது வருடங்களாக அதைத்தான் வாசித்தார். எங்கள் ஆலயத்துக்குள் செருப்போடு போவதில்லை. எனவே அத்தனை வருடமும் வெறுங்காலால்தான் அந்த ஒல்லியான உலோகப் பெடல்களை மிதித்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடுதான் பெடலில் படும் இடம். புண்ணும் அங்கேதான் வந்தது. பாதம் மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. ஆலயத்தில் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையன்று வேட்டிக் கரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

உங்கள் தந்தையின் பாதம் முழுதும் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை கருவியின் பக்கம் அவரைப் போக விடாதீர்கள். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

முதலில் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யுங்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தால் பெடல் கனக்கும். துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டபோதே எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. அடுத்தது இழுகம்பிகள். பெடல் ஒரு குறுக்குத் தண்டைத் திருப்புகிறது. அதில் உள்ள சிறு கை கம்பியை இழுக்கிறது. கம்பி தந்தியின் சுருதியை ஏற்றுகிறது. அந்தச் சிறு கையில் பல துளைகள் இருந்தால், தண்டுக்கு நெருக்கமான துளைக்குக் கம்பியை மாற்றுங்கள். மிதி இலேசாகும்; ஆனால் பெடல் இறங்க வேண்டிய தூரம் கூடும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வழியில்லை.

ஈ ஒன்பது என்ற சுருதி அமைப்பில் மூன்று பெடல்களுக்கும் ஏ, பி, சி என்று பெயர். அவற்றில் ஏ பெடல்தான் சுமை. அது 5, 10 ஆகிய இரண்டு தந்திகளையும் ஒரு முழுச்சுரம் ஏற்றுகிறது. பி பெடல் 3, 6 ஆகியவற்றை அரைச்சுரம்தான் ஏற்றும். பெரியப்பா பத்தாம் தந்தியை அபூர்வமாகவே தொடுவார் என்பதால் அதன் கம்பியைக் கழற்றிவிட்டேன். ஏ பெடலின் கனம் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் இலேசாக்கியது மட்டும் போதவில்லை. இந்தக் கருவியில் ஒரே பாதம் ஏ, பி இரண்டின் மேலும் கிடந்து, இடமும் வலமுமாகப் புரண்டு வாசிக்க வேண்டும். அப்படிப் புரளும்போது எடை முழுவதும் முன்பாதத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே ஏ பெடலின் வேலையை இடது முழங்காலால் இடப்பக்கம் தள்ளும் நெம்புக்கு மாற்றினேன். அங்கே இருந்த வேலை, அதாவது 4, 8 ஆம் தந்திகளை அரைச்சுரம் ஏற்றுவது, வலது முழங்காலுக்குப் போனது. இந்த இரண்டும் அடிக்கடி சேர்ந்து ஒலிக்க வேண்டியவை. ஒரே முழங்காலின் இரு பக்க நெம்புகளில் இருந்தால் இரண்டையும் ஒன்றாகத் தள்ள முடியாது. சி பெடலை எடுத்தேவிட்டோம். முழங்காலால் மேலே தூக்கும் நெம்பு இருந்தால் அதற்கு எந்த வேலையையும் மாற்றாதீர்கள். அதைத் தூக்க முன்பாதத்தை ஊன்றித்தான் குதிகாலை எழுப்ப வேண்டும்.

இப்போது காலுக்கு மிஞ்சியது பி பெடல் ஒன்றுதான். அதன் மேல் நாலு அங்குல அகலத்தில் ஒரு பலகையை, வாசிப்பவர் பக்கமாக நீட்டி, முழுப் பாதமும் அடங்கும்படி போல்ட் போட்டேன். பலகைமேல் எம்.சி.ஆர். ரப்பர், அதாவது சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குப் போடும் மெத்தென்ற ரப்பர். பெடலின் அச்சு முன்னால் இருப்பதால், பின்னால் இருக்கும் குதிகால்தான் இப்போது மிதிக்கிறது. முதல் நாள் இது தோற்றுப்போனது: காலின் பாரத்திலேயே பலகை இறங்கிவிட்டது, சுருதி ஏறியே நின்றது. பலகையின் அடியில் சைக்கிள் சீட்டின் சுருள் ஸ்பிரிங் இரண்டை வைத்த பிறகு கால் ஓய்வாக உட்கார்ந்தது. சற்றே அழுத்தினால் போதும். வலது காலின் வால்யூம் பெடலையும் எடுத்துவிட்டு, வலது கைக்கு எட்டும்படி ஒரு திருகுகுமிழ் வைத்தோம்.

பாதம் நலமாக இருந்து கணுக்கால் மட்டும் ஒரு பக்கம் திரும்பாதவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். இந்தக் கருவியின் பெயர்பெற்ற கலைஞர்கள் இருவரில், பட்டி எம்மன்ஸ் பெயரில் வழங்கும் அமைப்பில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி; ஜிம்மி டே பெயரில் வழங்குவதில் சி, பி, ஏ. முன்னதில் ஏ பெடலுக்குச் சுண்டுவிரல் பக்கம் சாய வேண்டும், பின்னதில் பெருவிரல் பக்கம். எந்தப் பக்கம் வலிக்காமல் சாய்கிறதோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

புது அமைப்புக்குப் பெரியப்பாவின் கால்கள் பழக மூன்று மாதம் ஆனது. பழைய பழக்கத்தில் இடது கால் இல்லாத பெடலைத் தேடும்போதெல்லாம் பெரியம்மா பக்கத்திலிருந்து அவர் முழங்காலைத் தட்டுவார். இப்போதும் ஒவ்வொரு இரவும் பெரியம்மாதான் கண்ணாடி வைத்து அவர் உள்ளங்காலைப் பார்க்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஒரு கம்பியைத் தொடுமுன் அடிப்பாகத்தை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் டப்பாவில் போட்டுத் தந்தி எண்ணை எழுதி வையுங்கள். குறுக்குத் தண்டின் கைகளில் எத்தனை துளை, எந்தத் துளையில் கம்பி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். உங்கள் தந்தையின் கருவிக்கு எதை எங்கே மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.